கழுத்த அசைக்கக் கூடாத ஆளுக்கும் அசைக்க முடியாத ஆளுக்கும் மூச்சுக்குழாய்ல டியூப் போட எந்த ஸ்கோப்ப எடுக்கணும்

நம்ம குமரி மாவட்டத்துல மயக்க டாக்டரா இருக்கவங்களுக்கு கழுத்து கேஸ் புதுசு இல்ல. அக்கானி (பதநீர்) சீசன்ல பனையில இருந்து விழுந்தவங்க, தேங்கா வெட்டப் போயி விழுந்தவங்க, மார்த்தாண்டம் பக்கம் பைக்கோட சரிஞ்சவங்கன்னு காலரோட (கழுத்துப்பட்டையோட) வந்துட்டேதான் இருப்பாவ. இன்னொரு பக்கம் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வந்து முதுகெலும்பு மொத்தமா இறுகிப்போயி, இடுப்பு மூட்டு மாத்த வர்றவங்க. புதுசா படிக்க வந்த பிள்ளைங்க ரெண்டையும் ஒரே கணக்குல வைக்காங்க, அதுதான் எனக்கு பயம், ஏன்னா முத ஆளு கழுத்து அசையும் ஆனா நாம அசைக்கக் கூடாது, ரெண்டாவது ஆளு கழுத்த நாம நினைச்சாலும் அசைக்க முடியாது.

முதல்ல விழுந்து வந்த ஆளு. காலரோட முன்பக்கத்த கழட்டிருங்க, அது இருந்தா வாய் திறக்காது. ஒரு ஆளு ரெண்டு கையாலயும் காதுக்குப் பின்னால உள்ள எலும்பையும் பிடரியையும் சேர்த்து அணைச்சுப் பிடிக்கணும், பிடிச்சா போதும் இழுக்கக் கூடாது. மாஸ்க் போடும்போது தலைய பின்னால சாய்க்காம தாடைய மட்டும் முன்னால தள்ளுங்க. இப்படி பிடிச்சிருக்கும்போது சாதாரண லாரிங்கோஸ்கோப்போட (தொண்டைக்குள்ள பாக்குற கருவி) மெக்கின்டாஷ் பிளேடு போட்டா பலபேருக்கு எபிகிளாட்டிஸ் (மூச்சுக்குழாய் மூடி) நுனி மட்டும்தான் தெரியும், உடனே கை தன்னால பலமா தூக்கப் போவும், அந்த பலம் நேரா கழுத்தெலும்புக்குத்தான் போவும். தூக்காதீங்க, பூஜிய (டியூபுக்கு வழிகாட்டுற நீள மெல்லிய குச்சி) அடியில விடுங்க, மூச்சுக்குழாய் வளையத்துல டக் டக்னு தட்டுறது விரலுக்கே தெரியும்.

வீடியோ லாரிங்கோஸ்கோப் (கேமரா வச்சது) இருந்தா முத தடவையே அத எடுங்க, கழுத்து அடிபட்டவங்களுக்கு 2024ல வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதலும் முடிஞ்சவரைக்கும் அதத்தான் சொல்லுது. கழுத்து அசையவே செய்யாதுன்னு நினைக்காதீங்க, குறைச்சலா அசையும், அவ்வளவுதான். ரொம்ப வளைஞ்ச பிளேடுல ஸ்கிரீன்ல குரல்நாண் பளிச்சுன்னு தெரியும், டியூப் மட்டும் போகாது. ஸ்டைலெட்ட (டியூபுக்குள்ள போடுற வளைக்கக்கூடிய கம்பி) பிளேடு வளைவுக்கே வளைச்சுக்கிடுங்க. டியூப் நுனி நாக்கத் தாண்டுறவரைக்கும் ஸ்கிரீன பாக்காம வாயத்தான் பாக்கணும், இல்லன்னா தொண்டையில கிழிச்சிரும். முன்சுவர்ல முட்டி நின்னா ஸ்டைலெட்ட கொஞ்சம் பின்னால உருவிட்டு டியூப தள்ளுங்க, பிளேடையும் சின்னதா பின்னால இழுத்துப் பாருங்க, பாதி தெரிஞ்சா போதும்.

இறுகிப்போன கழுத்துக்கு வேற யோசனை. அப்படி ஒரு பாட்டாவ மேசையில படுக்க வச்சு தலைக்கு அடியில உள்ள தலையணைய எடுத்துப் பாத்தா தலை கீழ வராது, அந்தரத்துல அப்படியே நிக்கும். அப்ப மூணு தலையணை வேணும்னா மூணும் வச்சிரணும். தாடை நெஞ்சுல முட்டி இருந்தா இன்னொரு ஆபத்து, ஒண்ணும் சரிவராம கடைசியில கழுத்து முன்பக்கம் கத்தி வச்சு டியூப் போடலாம்னாலும் வைக்க இடமே இருக்காது. அதனால மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாலயே கிரிகோதைராய்டு சவ்வ (கத்தி வைக்குற இடம்) விரலால தொட்டுப் பாருங்க. விரல் போகலன்னா அவர தூங்க வைக்காதீங்க, முழிச்சிருக்கும்போதே ஃபைபர்ஆப்டிக் (வளையுற மெல்லிய ஸ்கோப்) வழியா டியூப் போடுறதுதான்.

அதுக்கு அவசரப்படக் கூடாது. கிளைக்கோபைரோலேட் முன்கூட்டியே குடுத்து எச்சில வத்த விடுங்க, மூக்கு வழியா ஆக்சிஜன் போய்ட்டே இருக்கட்டும். மரக்க வைக்குற லிக்னோகெயின் மொத்தம் கிலோவுக்கு 9 மில்லிகிராம் தாண்டக் கூடாது, கொழுப்பு சேக்காத எடைக்குத்தான் கணக்கு, 10 சதவீத ஸ்பிரேல ஒரு அமுக்குக்கு 10 மில்லிகிராம் போவும், அதனால எண்ணிட்டே அடிங்க. கை சும்மா இருக்க ஆள் ஒருத்தர் அவர் பக்கத்துல நின்னு பேசிட்டே இருக்கணும், அது பாதி மருந்து. ஸ்கோப் உள்ள போயும் டியூப் தட்டி நின்னா கொஞ்சம் பின்னால எடுத்து இடப்பக்கமா கால்வட்டம் திருப்பி விடுங்க, வழுக்கிட்டு போயிரும்.

இதையே மரத்துல இருந்து விழுந்து வாயெல்லாம் ரத்தமும் வாந்தியுமா புரண்டுட்டு இருக்க ஆளுக்கு செய்யப் போகாதீங்க, லென்ஸ்ல ரத்தம் பட்டா ஒண்ணுமே தெரியாது. அவருக்கு வீடியோவும் பூஜியும்தான். கை கால் விளங்காம ரெண்டு மூணு நாள் ஆயிட்டுன்னா தசைய தளர்த்துறதுக்கு சக்சினைல்கோலின் வேண்டாம், பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுரும், ரோகுரோனியம் போடுங்க.

எந்த வழியில போட்டாலும் கேப்னோகிராப்ல (வெளிமூச்சுல கார்பன் டை ஆக்சைடு காட்டுற கருவி) அலை வராம டியூப கட்டாதீங்க. டியூப வெளிய எடுக்கும்போதும் அதே கழுத்துதான், அதனால நல்லா முழிச்சு, சொன்னத கேட்டு கைய இறுக்கிப் பிடிச்ச பிறகு எடுங்க, சந்தேகம் இருந்தா உள்ள ஒரு எக்ஸ்சேஞ்ச் கதீட்டர (திரும்ப டியூப் போட வழிகாட்டுற மெல்லிய குழாய்) விட்டுட்டு டியூப மட்டும் உருவுங்க.