பாப் குழுப் பெயர்களில் 'தி'யும் புள்ளியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கார்ப்பியன்ஸ் குழுவின் பெயருக்கு முன்னால் ஆங்கில 'தி' (The) கிடையாது. ஈகிள்ஸுக்கும் கிடையாது, கார்ப்பென்டர்ஸுக்கும் கிடையாது. ஆனால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய பாட்டு நிகழ்ச்சி என்று ஒரு பதாகை ஏறினால் போதும், மூன்றுக்கும் 'தி' தாராளமாக ஒட்டிக்கொள்ளும். கரோக்கே பட்டியலிலும் அப்படித்தான். அதே கை 'தி ஹூ'விடம் போய் 'தி'யைப் பிடுங்கிவிடும். அந்தப் பெயரில் அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இந்தத் தவறுக்குக் காரணம் காதுதான். ஆங்கிலப் பேச்சில் பன்மையில் முடியும் குழுப் பெயர் வந்தால் வாய் தானாக ஒரு 'தி' சேர்த்துக்கொள்ளும். அது பேச்சுக்கு வேண்டியது, பெயரின் பகுதி அல்ல. டாக்கிங் ஹெட்ஸ் குழுவும் இந்தத் தொல்லைக்கு ஆளானதுதான். 1982-இல் வந்த அவர்களுடைய மேடைப் பதிவுத் தொகுப்பின் தலைப்பே 'இந்தக் குழுவின் பெயர் டாக்கிங் ஹெட்ஸ்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

பன்மை இல்லாத பெயரும் தப்பவில்லை. பிங்க் ஃபிளாயிட் ஆரம்பக் காலத்தில் 'தி' போட்டும் எழுதப்பட்டது, பிறகு உதிர்ந்துவிட்டது. ஆகவே பழைய சுவரொட்டி ஒன்றைக் காட்டி வாதாட வருகிறவரிடம் எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மலாய்க் குழு என்றால் நம்மில் யாரும் தடுமாறுவதில்லை. சர்ச் (Search), விங்ஸ் என்றுதான் சொல்கிறோம், 'தி சர்ச்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பினாங்கில் கிளம்பிய அலிகேட்ஸும் நமக்கு வெறும் அலிகேட்ஸ்தான், அதன் பாடகர் டேவிட் ஆறுமுகம் நம்ம ஆள் என்பதால் பெயரையும் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறோம். விங்ஸ் என்ற பெயரில் பால் மெக்கார்ட்னிக்கும் ஒரு குழு இருந்தது. அதற்கும் 'தி' இல்லை. பட்டியலில் இரண்டும் வந்தால் எந்த விங்ஸ் என்று பக்கத்தில் எழுதிப் பிரியுங்கள், ஒன்றுக்கு 'தி' மாட்டிப் பிரிக்காதீர்கள்.

அடுத்தது காற்புள்ளி. பதாகை அச்சடிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இந்த வரியைப் பாருங்கள்: எர்த், விண்ட் & ஃபயர், பீ ஜீஸ், அபா, குரோஸ்பி, ஸ்டில்ஸ், நேஷ் & யங். இருப்பது நான்கு குழு, படிப்பவர் கண்ணுக்கு ஏழு. பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருக்கும்போது பெயர்களைப் பிரிக்கவும் காற்புள்ளி போட்டால் இந்தக் கதிதான். அரைப்புள்ளி போடலாம். அதைவிட நல்லது, ஒரு குழுவுக்கு ஒரு வரி. பதாகையில் இடம் இல்லையென்றால் ஸ்பான்சர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், யாரும் அழமாட்டார்கள்.

எர்த், விண்ட் & ஃபயர் பெயரில் 'எர்த்'துக்குப் பின் காற்புள்ளி உண்டு, 'விண்ட்'டுக்குப் பின் இல்லை. தலைவர் மாரிஸ் வைட் தன் ஜாதகத்தில் நிலம், காற்று, நெருப்பு மூன்றும் இருந்து நீர் இல்லாததைப் பார்த்து வைத்த பெயர் அது. ஜாதகம் பார்த்துப் பெயர் வைப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அப்படி வைத்த பெயரில் கை வைக்கக் கூடாது என்பதையும்தான். குரோஸ்பி வகையறாவில் இன்னொரு நுணுக்கம்: யங் 1969-இல் சேர்ந்த பிறகுதான் '&' கடைசிக்கு நகர்ந்தது. அவர் இல்லாத தொகுப்புக்கு 'குரோஸ்பி, ஸ்டில்ஸ் & நேஷ்' என்றே எழுத வேண்டும். '&'ஐ 'மற்றும்' ஆக்குவதும் வேண்டாம். 'வல்லவன்' என்ற ராப் தொகுப்பைக் கொடுத்தவர்கள் யோகி பி & நட்சத்ரா. 'யோகி பி மற்றும் நட்சத்ரா' என்றால் இரண்டு தனித்தனி அழைப்பாளர்கள் போலத் தொனிக்கிறது.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு: வேற்றுமை உருபு. ஜார்ஜ் மைக்கேல் இருந்த 'வேம்!' குழுவின் பெயரில் ஆச்சரியக்குறி சேர்ந்தே வரும். 'வேம்!இன் பாட்டு' என்று எழுதினால் கண் உறுத்தும். குறியைத் தூக்கிவிட்டு 'வேமின் பாட்டு' என்றால் வேப்பமரம் நினைவுக்கு வரும். வழி சுலபம். பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து, பின்னால் 'குழு' சேர்த்து, உருபை அந்தக் 'குழு'வின் தலையில் கட்டுங்கள்: 'வேம்!' குழுவின் பாட்டு. 'பேனிக்! அட் தி டிஸ்கோ'வுக்கும் இதே வைத்தியம்தான். அவர்கள் 2008 தொகுப்பில் ஆச்சரியக்குறியை விட்டுவிட்டு அடுத்த ஆண்டே திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் என்பதால், அந்த ஒரு தொகுப்பைக் குறிக்கும்போது மட்டும் குறி இல்லாமல் எழுதலாம்.

நார்வே நாட்டு 'ஆ-ஹா'வின் சிறுகோட்டை மறந்தால் 'ஆஹா' ஆகிவிடும். நிகழ்ச்சி நிரலில் 'அடுத்து ஆஹா பாடல்' என்று இருந்தால் அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டேதான் படிப்பார்.

புள்ளி விஷயத்தில் நமக்கு ஒரு சாதகம், முதலெழுத்துக்குப் புள்ளி வைப்பது நம் கைக்குப் பழக்கம். 'ஆர்.இ.எம்.' எழுதுவது எம்.ஜி.ஆர். எழுதுவது போலத்தான். போனி எம். பெயரிலும் கடைசியில் புள்ளி உண்டு. தோட்டத்துக் கல்யாணங்களில் அத்தனை ஆட்டம் போட்ட பாட்டுகளுக்கு அந்த ஒரு புள்ளியையாவது கொடுக்கலாம். ஆனால் பழக்கம் அளவுக்கு மீறினால், நான்கு பேரின் முதலெழுத்துதானே என்று அபாவுக்கும் புள்ளி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், அது ஒரே சொல்லாகப் படிக்கிற பெயர்.

இலக்கணம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு வகை. கன்ஸ் அன்' ரோசஸ் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'and' சுருங்கி நடுவில் நிற்கும் 'N' எழுத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு மேற்குறி வரும். முன்னாலும் ஓர் எழுத்து விழுந்திருக்கிறதே, அங்கேயும் குறி போட வேண்டாமா என்று கேட்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் குழு வைத்துக்கொண்டது ஒன்றுதான், ஒன்றோடு நிறுத்துங்கள்.

சின்னத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவதும் ஆபத்து. ஏசி/டிசி சின்னத்தில் இருப்பது மின்னல், எழுத்தில் வருவது சாய்கோடு. கோட்டை விட்டு 'ஏசி டிசி' என்று போட்டால் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் கடை விளம்பரம் என்று நினைப்பார்கள். உண்மையில் குழுவைத் தொடங்கிய மால்கம், ஆங்கஸ் சகோதரர்களின் அக்கா அதைக் கண்டெடுத்தது ஒரு தையல் இயந்திரத்தில். மாட்லி க்ரூ, மோட்டர்ஹெட் பெயர்களில் எழுத்தின் மேல் இருக்கும் இரட்டைப் புள்ளிகள் வெறும் அலங்காரம், உச்சரிப்புக்கு அல்ல. தமிழ் எழுத்தில் அவற்றுக்கு இடமும் இல்லை, ஏக்கமும் வேண்டாம்.

கரோக்கே பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கு ஒன்று. 'தி' உள்ள பெயர்களை எல்லாம் 'த' வரிசையில் கொட்டாதீர்கள். பீட்டில்ஸைத் தேடுகிறவர் 'ப'வில்தான் தேடுவார், அங்கே 'பீட்டில்ஸ், தி' என்று போடுங்கள். 'தி தி' என்றே ஒரு குழு இருக்கிறது, அதை மட்டும் 'த'வில் விட்டுவைக்கலாம். 'தி'யா 'த'வா என்ற சண்டையும் வேண்டாம், ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டியல் முழுக்க அதையே எழுதுங்கள்.

புதிதாகக் குழு தொடங்கும் தம்பிமாருக்கும் இது பொருந்தும். கோயில் திருவிழா மேடைக்கு முன்பணம் வாங்கும்போதே பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள், 'தி' உண்டா, கோடு உண்டா, புள்ளி எங்கே என்பது வரை. வாட்ஸ்அப் குரல் பதிவில் சொன்னால் அச்சுக்கடை அண்ணன் தன் காதுக்கு விழுந்ததைத்தான் அடிப்பார்.