ஆர்.வி. பெட்டிகள்: முக்கால் அங்குலத்தில் நான் பட்ட பாடு

போன மாதம் டெக்சஸின் இன்க்ஸ் லேக் பூங்காவில் எங்கள் ஆர்.வி. டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டை, நிறுத்தியிருந்தோம். பக்கத்து இடத்தில் ஒரு இளம் தமிழ்த் தம்பதி. டிரெய்லர் புத்தம் புதிது, ஜன்னலில் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. அந்தத் தம்பி கறுப்பு உடலும் மஞ்சள் மூடியுமாக ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை, வெளியிலிருந்து திறக்கும் சாமான் அறையின் கதவுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நேராகத் தள்ளினார், சாய்த்துத் தள்ளினார், கடைசியில் முழங்காலால் ஓர் இடி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான்கு வருடத்துக்கு முன் இதே பெட்டியோடு, இதே முழங்காலோடு நான் நின்றிருக்கிறேன்.

அதனால்தான் ஆர்.வி.க்குச் சாமான் பெட்டி வாங்குவதிலும் அடுக்குவதிலும் நாம் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். பெட்டியில் லேபிள் ஒட்டுங்கள், அடிக்கடி எடுப்பதை முன்னால் வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

அறையை அளந்து பெட்டி வாங்குவது

இந்த ஒரு தவறு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

டிரெய்லரின் முன்பக்கம், படுக்கைக்குக் கீழே, இடமிருந்து வலம் வரை குறுக்காக ஓடும் அறைக்கு இங்கே பாஸ்த்ரூ என்று பெயர். இரண்டு பக்கமும் கதவு. எங்களுடைய 26 அடி டிரெய்லரில் அதன் உள்ளளவு: குறுக்கே 90 அங்குலம், முன்பின்னாக 38, உயரம் 20. டிரெய்லர் வந்த அன்றே டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்து அளந்தேன். காகிதத்தில் படம் வரைந்தேன். 27 கேலன் பெட்டி ஏறக்குறைய 30 அங்குல நீளம், 20 அகலம், 14½ உயரம். நான்கை வரிசையாக வைத்தால் 80 அங்குலம், மிச்சம் 10 அங்குலத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள். கணக்கு அவ்வளவு கச்சிதம். தள்ளுபடியில் கிடைத்ததே என்று ஆறு வாங்கினேன், நான்கு இதற்கு, இரண்டு பிக்கப் வண்டியின் பின்னால் வைக்க.

வீட்டு வாசலில் கதவைத் திறந்து முதல் பெட்டியைத் தூக்கினேன். போகவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு 16 அங்குல உயரம். ஆனால் கதவு உட்காரும் அலுமினியச் சட்டம் மேலும் கீழும் கொஞ்சம் உள்ளே வருகிறது. அதன் விளிம்பில் தண்ணீர் புகாமலிருக்க ஒரு ரப்பர் பட்டை, அது இன்னும் கொஞ்சம். எல்லாம் போக மிஞ்சிய ஓட்டை 13¾ அங்குலம். பெட்டி 14½. முக்கால் அங்குலம் இடித்தது. சாய்த்தால் போகும் என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். 20க்கு 14½ உள்ள ஒரு செவ்வகத்தை எப்படித் திருப்பினாலும் அதன் உயரம் 14½க்குக் கீழே இறங்காது.

இந்த இடத்தில் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ரசீதும் கையில் இருந்தது. வீட்டில் ‘அளந்துதானே வாங்கினீங்க?’ என்று ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு எந்த ஆண்பிள்ளை கடைக்குத் திரும்பிப் போவான்?

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மூடியில்லாமல் பெட்டி 14 அங்குலம், இடிப்பு கால் அங்குலமாகக் குறைந்தது. அந்த ரப்பர் பட்டையை உரித்தெடுத்தால் மேலே கால், கீழே கால் என்று அரை அங்குலம் கிடைக்கும். உரித்தேன். காலிப் பெட்டிகள் வெண்ணெய் போல உள்ளே போயின. நானே உள்ளே தவழ்ந்து பொருள்களை அடுக்கி, மூடிகளைப் போட்டு, வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டேன். நிறைந்த பெட்டி வெளியே எப்படி வரும் என்று யோசிக்கவே இல்லை.

முதல் பயணம் ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் ஃப்ளோரிடா கடற்கரைக்கு. லூசியானா முழுக்க மழை. பாஸ்த்ரூ இருப்பது டிரெய்லரின் மூக்கில். இழுத்துப் போகும் வண்டியின் பின்சக்கரங்கள் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் வந்து அறையும். ராத்திரி ஒன்பது மணிக்கு முகாமில் நிறுத்தி, கரண்ட் கேபிளை எடுக்கக் கதவைத் திறந்தால் அது பெட்டியின் அடியில். மூடியோடு பெட்டி வராது. மூடியைக் கழற்றினால் மேலே குவிந்திருப்பது சட்டத்தில் தட்டும். ஈரத் தரையில் குப்புறப் படுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்தேன். குறுகிய வாய்க் குடத்துக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்ட குரங்கின் கதையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயணம் முடிந்து வந்ததும் உரித்த பட்டையைத் திரும்ப மாட்டவில்லை, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது. வசந்தத்தில் ஒருநாள் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுக் கை ஊன்றினேன், தரை ரொட்டி மாதிரி அமுங்கியது. மேலே வழவழப்பான விரிப்பு, அடியில் பிளைவுட். கதவு வழியாகப் புகுந்த தண்ணீர் விரிப்புக்குக் கீழே போய், காய வழியில்லாமல், பலகையை மாவாக்கியிருந்தது. பலகை மாற்றி, சட்டத்தைப் புதிதாக அடைத்துக் கொடுக்க 1,400 டாலர். பெட்டிகள் ஆறும் சேர்த்து அறுபது டாலர்தான் இருக்கும்.

சரி, எப்படி அளப்பது? கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் அளங்கள். உயரத்தை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை எழுதிக்கொள்ளுங்கள். ரப்பர் பட்டையைக் கையால் அமுக்கிக்கொண்டு அளக்காதீர்கள். அது தளர்ந்து நிற்கும் நிலைதான் உண்மையான அளவு. கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் இருந்தால் அதன் கால் ஓட்டைக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். எஞ்சினோடு தானே ஓடும் ஆர்.வி.க்களான மோட்டார்ஹோம்களில் இது பலரைக் கவிழ்த்திருக்கிறது. பல கதவுகளின் மூலைகள் வளைவாக இருக்கும், சதுர மூலைப் பெட்டி அங்கே போய் முட்டும். கிடைத்த அளவில் உயரத்திலும் அகலத்திலும் ஓர் அங்குலம் கழியுங்கள். பெட்டியைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு இடம் வேண்டாமா?

பெட்டியின் அட்டையில் போட்டிருக்கும் கேலன் கணக்கால் ஒரு பயனும் இல்லை. மூடியையும் கைப்பிடியையும் சேர்த்த வெளியளவுதான் வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் கீழே ஒடுங்கி மேலே விரிந்திருக்கும், அதனால் கடையில் அடிப்பாகத்தை அளந்து ஏமாறாதீர்கள்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. அமேசான் அட்டைப்பெட்டிகளுக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. வாங்கப்போகும் பெட்டியின் வெளியளவில் அட்டையை வெட்டி, டேப் ஒட்டி, ஒரு பொய்ப்பெட்டி செய்யுங்கள். அதைக் கதவு வழியாக விட்டு, உள்ளே திருப்பி, வெளியே எடுத்துப் பாருங்கள். திருப்பிப் பார்ப்பது முக்கியம். 30 அங்குலப் பெட்டி நீளவாக்கில் நுழைந்து உள்ளே குறுக்காகத் திரும்பக் குறைந்தது 36 அங்குலம் வேண்டும், மூலைவிட்டக் கணக்குப்படி. உள்ளே ஹீட்டர் குழாயோ தண்ணீர்க் குழாயோ வழியில் இருந்தால் அதுவும் போச்சு.

என்னுடைய கறுப்புப் பெட்டிகள் இப்போது கராஜில் கொலு பொம்மைகளைச் சுமக்கின்றன. அவற்றுக்கு அது நல்ல வேலை.

பெரிய பெட்டியே லாபம் என்ற நினைப்பு

27 கேலன் பெட்டியில் எதையெல்லாம் போடுவோம்? நம் ஆட்கள் இரும்பு தோசைக்கல், இட்லிப் பானை, குக்கர், இருபது பவுண்டு அரிசிப் பை எல்லாவற்றையும் ஒன்றிலேயே போடுவார்கள். அப்புறம் அதைக் குனிந்து, கையை நீட்டி, இடுப்பளவுக்குக் கீழே இருக்கும் ஓட்டையிலிருந்து இழுக்க வேண்டும். முதுகு அந்த இடத்தில்தான் பிடித்துக்கொள்ளும்.

முதுகு போகட்டும், டிரெய்லரின் எடைச் சமநிலையும் இதில் இருக்கிறது. சக்கர அச்சுக்கு வெகு முன்னால் ஏற்றும் பாரத்தில் பெரும்பங்கு, டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியின் மேல் போய் உட்காரும். அச்சிலிருந்து கொக்கி 16 அடி, பாஸ்த்ரூ 10 அடி என்றால், அங்கே வைக்கும் 200 பவுண்டில் 125 பவுண்டு கொக்கியில். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது 6,000 பவுண்டு டிரெய்லருக்கு 600 முதல் 900. நான்கு பெரிய பெட்டிகளை நிரப்பினால் மேல் வரம்பைத் தாண்டுவது ரொம்பச் சுலபம். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் பின்பக்கம் ஏற்றினால் அது இன்னும் மோசம், நெடுஞ்சாலையில் வால் ஆடும். மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்பது டிரெய்லரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் பவுண்டிலும் கிலோவிலும் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, ஒருமுறை டிரக் ஸ்டாப்பில் எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

நான் இப்போது வைத்திருப்பவை எல்லாம் சின்னவை. நிரப்பினால் ஒரு கையில் தூக்க முடியாத பெட்டி எங்கள் டிரெய்லரில் கிடையாது.

ஈரத்தை இறுக்கி மூடுவது

ரப்பர் வளையமும் நான்கு கொக்கியும் வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் பெட்டிகள் அருமையானவை, உள்ளே வைப்பது காய்ந்ததாக இருந்தால். தண்ணீர் ஹோஸைச் சுருட்டி அப்படியே உள்ளே போட்டு மூடினால், அடுத்த முறை திறக்கும்போது புளித்த மாவு வாசம் வரும். ஹோஸுக்குப் பால் கிரேட்தான் சரி. சுற்றிலும் ஓட்டை, தண்ணீர் வடிந்துவிடும், 13 அங்குலச் சதுரம், 11 உயரம், அநேகமாக எந்தக் கதவிலும் நுழையும்.

குடிநீர் ஹோஸும் கழிவு ஹோஸும் ஒரே பெட்டியில்

வேண்டாம். அடுத்தடுத்த பெட்டியில்கூட வேண்டாம். கையுறைகள் கழிவு ஹோஸோடு.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றுதான் என்று எடுப்பது

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரோபிலீன். சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் உறைநிலையை ஒட்டிய குளிரில் மொறுமொறுப்பாகிவிடும். கொலராடோவில் ஒரு காலை மூடியின் கொக்கியை அழுத்தினேன், அப்பளம் போல ஒடிந்து கையில் வந்தது. 2 என்றால் ஹெச்.டி.பி.இ. என்ற அடர் பாலித்தீன், குளிரிலும் வளைந்து கொடுக்கும். 6 என்றால் வைத்துவிட்டு நகருங்கள். கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும், முதல் குண்டு குழியிலேயே கீறல் விடும்.

அட்டைப்பெட்டி

எலிக்கு நாமே கட்டித்தரும் வீடு. உள்ளே அரிசியும் இருந்தால் சாப்பாட்டோடு.

கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன்

எந்தப் பெட்டியிலும் வேண்டாம். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். பாஸ்த்ரூவுக்கு மேலேதான் நீங்கள் படுத்திருக்கிறீர்கள்.

பெட்டியை ஓட விடுவது

அறைக்குள் காலியிடம் இருந்தால் பெட்டி பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் நகரும். பாஸ்த்ரூவின் சுவரில் தண்ணீர்க் குழாயும் வயரும் திறந்தே ஓடும் டிரெய்லர்கள் நிறைய. பழைய யோகா பாயை வெட்டித் தரையில் விரித்து, குறுக்கே ஒரு பட்டையும் கட்டினால் பெட்டி அசையாது. பெட்டி வாங்கும்போதே பட்டைக்கு அரை அங்குலம் விட்டு வாங்குங்கள்.

பூட்டு இருக்கிறதே என்று நம்புவது

இங்கே விற்கும் ஆர்.வி.க்களில் பலவற்றின் வெளி அறைக் கதவுகளுக்கு ஒரே சாவிதான், சி.ஹெச். 751 என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். எவ்வளவு நல்ல பெட்டி வாங்கினாலும் அது இந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கப்போகிறது. வேறு சாவி உள்ள பூட்டுச் சிலிண்டரை மாற்றிக்கொள்வது பத்து நிமிட வேலை.

இன்க்ஸ் லேக்கில் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, ‘அண்ணா, சும்மா சொல்லாதீங்க’ என்று சிரித்தார். என் சாவிக்கொத்தை எடுத்து அவர் கதவில் விட்டுத் திருப்பினேன். திறந்தது. அவர் மனைவி ஒன்றும் பேசாமல் வந்து, உள்ளே இருந்த லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு டிரெய்லருக்குள் போய்விட்டார்.