கோழிக்கூண்டு கட்டியாச்சு, உள்ள எதை எங்க வைக்கிறது?

கூண்டு கட்டுறதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்கு. கட்டி முடிச்சப்புறம் உள்ள கோழி உட்கார்ந்து தூங்குற கம்பு எங்க, முட்டைப்பெட்டி எங்க, தண்ணி எங்கன்னு விவரமா சொல்றவங்கதான் கம்மி. நான் இதுல ஆறு மாசம் அல்லாடி இப்பதான் சரி பண்ணேன், அதான் எழுதுறேன். என் கூண்டு 6 அடி நீளம், 4 அடி அகலம். பத்து நாட்டுப்பெட்டை, ஒரு சேவல். பகல் பூரா கொல்லையில மேஞ்சுட்டு ராத்திரிக்கு மட்டும் வந்து அடையுறதால ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதுது. நாள் பூரா அடைச்சு வளர்க்கப் போறீங்கன்னா இதே கூண்டுல அஞ்சு கோழியோட நிறுத்திக்கோங்க.

முதல்ல தரை. லேசா சுண்ணாம்புத்தூள் தூவி அதுமேல 3 இன்ச்சுக்கு உமி. என்னைக் கேட்டா உமிதான் பெஸ்ட், ரைஸ் மில்லுல மூட்டையாவே கிடைக்கும், சீக்கிரம் காயும். கடலைத்தோல் ஈரம் பட்டா பூசணம் பிடிச்சுடும், மரம் அறுக்குற மில்லுத் தூள் ரொம்ப நைசு, கோழிக்கு மூச்சுல ஏறும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிளறி விடுங்க. ஒரு கைப்பிடி அள்ளி அமுக்கிப் பாருங்க, உருண்டையா நின்னா ஈரம் ஜாஸ்தி, உதிர்ந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். ஈரத்துலதான் ரத்தக்கழிச்சல் வரும், அதனால இதை மட்டும் அசால்ட்டா விடாதீங்க.

அடுத்து கம்பும் முட்டைப்பெட்டியும். இந்த ரெண்டையும் சேர்த்தேதான் யோசிக்கணும், நான் தனித்தனியா யோசிச்சதுதான் தப்பாப் போச்சு.

நாய் பூனை எட்டக்கூடாதுன்னு பெட்டியை 3 அடி உயரத்துல மாட்டுனேன். உட்கார்ற கம்பு ஒன்றரை அடியில. பொழுது சாயுறப்ப பார்த்தா ஒரு கோழிகூட கம்புல இல்ல, எல்லாம் பெட்டி விளிம்புலயும் பெட்டிக்குள்ளயும் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கு. கோழிக்கு ராத்திரிப் பயம் அதிகம், கூண்டுக்குள்ள எது ரொம்ப உயரமோ அங்கதான் தூங்கும். ராத்திரி பூரா எச்சம் போடும், காலையில அதே இடத்துல முட்டையும் போடும். முட்டை எடுத்தா கையெல்லாம் பிசுபிசுங்கும். அம்மா அதைத் தேங்கா நார் வச்சுத் தேய்ச்சுக் கழுவி எடுத்து வப்பாங்க. அப்படிக் கழுவுன முட்டை 12 அடைக்கு வச்சோம். 21 நாள் கழிச்சுப் பொரிச்சது நாலே நாலு குஞ்சு, மிச்சம் அத்தனையும் கூமுட்டை. முட்டை ஓட்டுமேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு, கிருமி உள்ள போகாம அதுதான் தடுக்குது. கழுவுனா அது போயிடும். அந்தக் கோழி தீவனம்கூட சரியா எடுக்காம மூணு வாரம் உட்கார்ந்துச்சு, அதைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாயிடுச்சு.

அதனால அப்படியே மாத்துனேன். கம்பு இரண்டரை அடி உயரத்துல, பெட்டி தரையிலருந்து அரை அடியில ரெண்டு செங்கல்லு மேல. மூணாவது நாள்லருந்து முட்டை சுத்தமா வருது.

கம்பு எப்பவும் சவுக்குதான் போடுவேன். 2 இன்ச் கனம், பட்டை சீவி, முனையெல்லாம் மழுங்கத் தேய்ச்சது. பிவிசி பைப் வழுக்கும், கோழி பிடிமானம் இல்லாம ராத்திரி பூரா தடுமாறும். ஒரு கோழிக்கு 8 இன்ச் இடம், அதனால அகலவாக்குல 4 அடிக் கம்பு ரெண்டு. பின்சுவத்துலருந்து ஒரு அடி தள்ளி முதல் கம்பு, அதுலருந்து இன்னொரு அடி தள்ளி அடுத்தது. ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கணும், ஒண்ணு உசரமா இருந்தா அதுக்கு அடிச்சுக்கும். ஆணி அடிக்காதீங்க, ரெண்டு பக்கமும் கட்டையில பள்ளம் வெட்டி அதுல சும்மா வைங்க, கழுவ எடுக்கணும்ல.

பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, உயரமும் ஒரு அடி. நாலு பெட்டைக்கு ஒண்ணு கணக்கு, எனக்கு மூணு. கம்புக்கு நேர் கீழ வராம, கூண்டுல இருட்டா இருக்குற மூலையில வைங்க. முன்னாடி 4 இன்ச் பலகை தடுப்பு இருந்தா வைக்கோல் வெளிய சரியாது. மேல்மூடி சரிவா இருக்கட்டும், தட்டையா விட்டா அதுமேலயும் ஏறி உட்காரும்.

தண்ணி, தீவனம் ரெண்டும் கதவுப் பக்கம், கோழியோட முதுகு மட்டத்துக்குத் தொங்க விடுங்க. தரையில வச்சா உமியைச் சீச்சுச் சீச்சுத் தண்ணி சேறாயிடும்.

கோழி வலைன்னு கடையில குடுக்குற அறுகோண வலையை நம்பாதீங்க, கீரி கடிச்சுப் பிச்சுடும். காத்து போற ஜன்னலுக்கு அரை இன்ச் கட்டம் வச்ச வெல்டு மெஷ்தான், அதாவது கம்பியைப் பத்த வச்சுச் செஞ்ச கெட்டி வலை. அந்த ஜன்னல் கம்பு மட்டத்துக்கு மேல இருக்கணும், மார்கழிக் காத்து நேரா கோழிமேல அடிக்கக்கூடாது.

பிறகு சேர்த்தது: கமெண்ட்ல ஒருத்தர், நல்லா அடைஞ்சுட்டிருந்த கோழி திடீர்னு கூண்டுக்குள்ள வராம வேப்பமரத்துல ஏறுதுன்னு கேட்டிருந்தாங்க. ராத்திரி டார்ச்சோட போய் கம்புக்கு அடிப்பக்கம் வெள்ளைத்துணியால ஒரு இழுப்பு இழுங்க. சிவப்பா கோடு விழுந்தா செள்ளுன்னு ஒரு பொடிப் பூச்சி இருக்குன்னு அர்த்தம். பகல்ல கம்பு இடுக்குல ஒளிஞ்சுட்டு ராத்திரி ரத்தம் குடிக்கும். கம்பை எடுத்துக் கொதிதண்ணி ஊத்தி, வெயில்ல காயப்போட்டு, ரெண்டு முனையிலயும் பள்ளத்துலயும் வேப்பெண்ணெய் தடவி மாட்டுங்க. செள்ளோட முட்டையிலருந்து புதுசு பொரிச்சு வரும், அதனால அஞ்சாறு நாள் கழிச்சு இன்னொரு தடவை பண்ணணும்.

இன்னொருத்தருக்கு உயரமெல்லாம் சரியா இருந்தும் விடலைக் கோழிங்க பெட்டியிலயே தூங்குதாம். பெரிய கோழி கம்புலருந்து கொத்தி விரட்டுறதாலதான் அது. சாயங்காலம் அஞ்சரைக்குப் பெட்டி வாயைச் சாக்கு போட்டு மூடிடுங்க, இருட்டுனதும் தரையில நிக்கிற விடலைங்களைத் தூக்கிக் கம்பு ஓரத்துல உட்கார வைங்க, எட்டு மணிக்கு மேல சாக்கை எடுத்துடுங்க. மறக்காம எடுக்கணும், காலையில முட்டை போட வர்ற கோழிக்குப் பெட்டி திறந்திருக்கணும். பத்து நாள்ல பழகிடும்.