ஆன்டிபயாட்டிக் சீட்டோடு வருகிறவர்களுக்கு

"சளிக்கு அஜித்ரோமைசின் மூணு குடுங்கக்கா" என்று எங்கள் மெடிக்கலுக்கு வராத நாள் இல்லை. கொடுக்க மாட்டேன். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அந்த மாத்திரை கொல்வது பாக்டீரியாவை. சளி தன் பாட்டுக்கு இருக்கும், அடி விழுவது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு. நமக்குச் செரிக்காத நாரை அவை புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலமாக்குகின்றன. பெருங்குடல் சுவருக்கு முக்கிய ஆகாரமே அதுதான். கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருப்பதும் அவைதான். ஆகவே சீட்டில்லாமல் வாங்காதீர்கள். போன வருஷத்துச் சீட்டு செல்லாது.

டாக்டர் எழுதியிருந்தால், எழுதின நேரத்துக்கு, எழுதின நாள்வரை போடுங்கள்.

தயிரில்தான் குழப்பம். "மாத்திரை சூடு, தயிர் ஊத்திச் சாப்பிடு" என்பார் மாமியார். தயிர் நல்லதுதான், ஆனால் சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை தயிரிலும் பாலிலும் இருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டால் ரத்தத்தில் சரியாகச் சேராது. இரண்டு வேளை எழுதியிருந்தால் நான் சொல்லும் கணக்கு இது: காலை 7 மணிக்கு ஒன்று, ராத்திரி 7 மணிக்கு ஒன்று, தயிர்சாதம் மதியம் 1 மணிக்கு. பால் காபி காலை 9 மணிக்கு மேல். இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து இருந்தால் அதையும் மதியத்துக்குத் தள்ளுங்கள்.

நல்ல பாக்டீரியா அடைத்த புரோபயாட்டிக் காப்ஸ்யூலைச் சிலர் தாங்களாகவே கேட்பார்கள். 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் பார்த்ததில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்ப, சும்மா விட்டவர்களைவிட அதிக நாளானது. டாக்டர் எழுதினால் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசுக்குக் கீரையும் வாழைத்தண்டும் வாங்கலாம். (முதலாளி இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்!) பழைய சோறும் நல்லது: ஆறின சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல்வரை போய் பாக்டீரியாவுக்குத் தீனியாகும். வயிறு இளகியிருந்தால் சுண்டல் மட்டும் சில நாள் வேண்டாம்.

லேசாக இளகினால் ஓ.ஆர்.எஸ். போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். தண்ணியாக மூன்று தடவைக்கு மேல் போய், காய்ச்சலோ ரத்தமோ வயிற்றுவலியோ இருந்தால் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கேட்டு என்னிடம் வராமல் டாக்டரிடம் போங்கள். நல்ல பாக்டீரியா குறைந்த சமயம் பார்த்துப் பெருகும் 'சி. டிஃபிசில்' கிருமியாக இருக்கலாம். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்தும் அது வரும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள பாக்டீரியாவைக் குடலில் செலுத்தும் சிகிச்சை, 2013இல் நெதர்லாந்து ஆய்வில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைவிட நன்றாக வேலை செய்தது.

டாக்டரிடம் போகும்போது காலி அட்டையையும் எடுத்துப் போங்கள். "ஏதோ மஞ்சள் மாத்திரை" என்றால் அவருக்குப் புரியாது.