எந்தச் சரக்கு? வினைச்சொல்லைப் பாருங்கள்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் 18 வருடமாக மேற்பார்வை வேலை எனக்கு. புதுக்கோட்டையிலிருந்து வந்த தம்பியிடம் முதல் வாரமே, "சனிக்கிழமை சரக்கு வருது, நீயும் இருக்கணும்" என்றேன். அவன் நெளிந்தான். "அண்ணே, நான் தொடுறதில்ல. வேணும்னா சைட் டிஷ் வாங்கியாறேன்." நான் சொன்னது நாற்பதடி கன்டெய்னரை.

சரக்கு என்றால் அடிப்படையில் விற்கிற பண்டம், அவ்வளவுதான். தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக்கடையில் 'புதுச் சரக்கு' என்றால் பருப்பாக இருக்கும். நாட்டுமருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் சரக்கு. பேச்சாளரிடம் 'சரக்கு இருக்கு' என்றால் விஷயம் தெரிந்தவர்.

பெயரைச் சொல்லக் கூசுவதைப் பொதுச்சொல்லுக்குள் ஒளிப்பது நம் பழக்கம். மதுவைத் 'தண்ணி' என்பதும் அப்படித்தான். சேலத்தில் 1937இல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவி, 1971இல்தான் தமிழ்நாட்டில் தளர்ந்தது. அந்தக் காலம் இந்த ஒளிப்புக்கு நன்றாகவே தீனி போட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, எப்படிப் பிரித்தறிவது? பெயர்ச்சொல்லை விடுங்கள், பின்னால் வரும் வினையைப் பிடியுங்கள். சரக்கு அனுப்பு என்றால் வியாபாரம். சரக்கு அடி, போடு என்றால் போத்தல். (ஊர்த் தம்பிகளுக்கு அது பாட்டில்.) தண்ணி குடித்தால் தாகம், தண்ணி போட்டால் போதை. 'தண்ணி அடி' மட்டும் வம்பு: அடிபம்பு உள்ள ஊர்க்காரர் குடத்தோடு நிற்பார். 'ஏத்து' அதைவிட மோசம், லாரியிலும் ஏத்தலாம், வயிற்றிலும் ஏத்தலாம். அங்கே ஆளின் கண்ணைப் பார்ப்பதே உத்தமம்.

பெண்களைச் 'சரக்கு' என்பவனும் உண்டு. அந்தப் பொருளை நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

அப்புறம், யாராவது "தேக்காவுல சரக்கு போடலாமா?" என்றால் இடத்தையும் நேரத்தையும் கேளுங்கள். 2015 சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 வரை தீவு முழுவதும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தேக்கா வட்டாரத்தில் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை திறந்தவெளியில் வாயே வைக்க முடியாது.

போன சனிக்கிழமை அதே தம்பி போன் செய்தான். "அண்ணே, சரக்கு இறங்கிடுச்சு."

எங்கே என்று கேட்டுக்கொண்டேன்.