முதுகலை கணினி அறிவியல்: முதல் ஆய்வுக் கட்டுரையை எப்படி வாசிப்பது?

இளங்கலையில் பாடநூலை வைத்தே ஓட்டிவிடலாம். முதுகலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே பேராசிரியர் ஒரு பேப்பரைக் கொடுத்து, "அடுத்த வகுப்புக்குள் படித்துவிட்டு வாருங்கள்" என்பார். முதல் வரியில் தொடங்கி ஒரே மூச்சில் படிக்க உட்கார்ந்தால் மூன்றாம் பக்கத்தில் கண் சொக்கும். என் முதல் செமஸ்டரில் பல இரவுகள் இப்படித்தான் போயின. பாடநூல் கற்றுக்கொடுப்பதற்காக எழுதப்படுவது. ஆய்வுக் கட்டுரையோ அதே துறைக்காரர்களிடம் "நாங்கள் கண்டது சரி" என்று வாதாடுவதற்காக எழுதப்படுவது. இது எனக்குப் பிடிபட்ட பிறகுதான் வாசிப்பு எளிதானது.

பயிற்சிக்கு ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். கூகுளில் பணியாற்றிய ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல், கணினி அமைப்புகளுக்கான ஓ.எஸ்.டி.ஐ. மாநாட்டில் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. (நம் துறையில் முக்கியமான வேலைகள் பலவும் மாநாடுகளில்தான் வெளிவரும். உங்கள் பிரிவின் பெரிய மாநாடுகளின் பெயர்களை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

படி 1: பத்து நிமிட மேலோட்டம்

தலைப்பு, சுருக்கம், முன்னுரை, பகுதித் தலைப்புகள், முடிவுரை. இவ்வளவு மட்டும் போதும். பிறகு கட்டுரையை மூடிவிட்டு, சிக்கல் என்ன, தீர்வு என்ன என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். நான் எழுதியது இது: "ஒரு கணக்கை ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, நடுவில் ஒரு கணினி செத்துப்போனால் சமாளிப்பது, தரவை இங்குமங்கும் நகர்த்துவது எல்லாவற்றையும் லைப்ரரி பார்த்துக்கொள்ளும். நிரல் எழுதுபவர் மேப், ரெட்யூஸ் என்ற இரண்டு ஃபங்ஷன்களைக் கொடுத்தால் போதும்."

இப்படி எழுத வரவில்லையா? மேலே போகாதீர்கள். முன்னுரையை மறுபடி படியுங்கள்.

படி 2: கையால் ஒரு சின்னக் கணக்கு

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். கட்டுரையே சொற்களை எண்ணும் உதாரணத்தைத் தருகிறது. அதைத் தாளில் செய்து பாருங்கள். "மழை வந்தது", "மழை நின்றது", "வெயில் வந்தது" என்ற மூன்று வரிகளை மூன்று கணினிகளுக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மேப் ஒவ்வொரு சொல்லையும் 1 என்ற எண்ணோடு வெளியே தள்ளும். ஒரே சொல்லுக்கு உரியவை ஓரிடத்தில் சேரும். ரெட்யூஸ் கூட்டிச் சொல்லும்: மழை 2, வந்தது 2, நின்றது 1, வெயில் 1.

சரி, இப்போது அந்தத் தாளில் ஒரு கணினியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். மேப் வேலையை முடித்துவிட்ட கணினி செத்தால் என்ன ஆகும்? முடிந்த வேலைதானே என்று விட முடியாது, திரும்பச் செய்ய வேண்டும். அதன் விடை அந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கில்தான் இருந்தது. ரெட்யூஸ் வேலையை முடித்த கணினி செத்தால் கவலையில்லை, அதன் விடை எல்லோருக்கும் பொதுவான கோப்பு முறைமைக்குப் போய்விட்டது. கட்டுரையில் இது ஓரிரு வரிகளில் வந்துபோகும். வெறுமனே கண்ணை ஓட்டினால் மறந்துவிடும்; தாளில் கணினியை அடித்துப் பார்த்தவருக்கு மறக்காது.

படி 3: சோதனைப் பகுதியைச் சந்தேகத்தோடு படியுங்கள்

ஒவ்வொரு வரைபடமும் ஏதோ ஒரு கேள்விக்கு விடை. அந்தக் கேள்வி என்ன என்று ஓரத்தில் எழுதுங்கள். மேப்ரெட்யூஸ் கட்டுரையில் சுமார் 1 டெராபைட் தரவை வரிசைப்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 1,800 கணினிகள். வழக்கமான ஓட்டத்துக்கு 891 விநாடி ஆகிறது. வேலை முடியும் தறுவாயில், இழுத்துக்கொண்டு கிடக்கும் பணிகளை வேறு கணினிகளிலும் இணையாக ஓட்டும் வசதி ஒன்று உண்டு. அதை அணைத்தால் 1,283 விநாடி. ஒரு சில மந்தமான கணினிகள் மொத்த வேலையையும் 44% நீட்டிவிடுகின்றன! இந்த ஒரு எண்ணுக்காகவே அந்தப் பகுதியைப் படிக்கலாம்.

அடுத்த சோதனையில், 1,746 வொர்க்கர் புராசஸ்களில் (கணினிகளில் வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிரல்கள்) 200-ஐ நடுவழியில் கொல்கிறார்கள். அப்படியும் 933 விநாடியில் முடிகிறது, 5% தான் கூடுதல். இங்கே வியப்போடு நின்றுவிடாதீர்கள். கொல்லப்பட்டவை புராசஸ்கள் மட்டுமே. கணினிகள் நன்றாகத்தான் இருந்தன, உடனே அவற்றிலேயே புதிய புராசஸ்கள் தொடங்கின. இதை ஆசிரியர்களே சொல்லியும் இருக்கிறார்கள். 200 கணினிகள் மொத்தமாகப் போயிருந்தால்? வகுப்பில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுதான்.

படி 4: தெரியாத சொற்கள்

தனியாக ஒரு பட்டியலில் போட்டு வையுங்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே தேடப் போனால் ஒரு மணி நேரம் கழித்து வேறெங்கோ நிற்பீர்கள். முடித்த பிறகு பார்த்தால், பாதிச் சொற்களுக்கு விடை கட்டுரைக்குள்ளேயே கிடைத்திருக்கும்.

படி 5: பின்னால் வந்தவை

கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் பெயரைத் தேடினால், அதை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கும். அதில் உங்கள் சந்தேகத்தோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் எடுங்கள். உதாரணமாக, ஒரே தரவை மீண்டும் மீண்டும் சுற்றிவரும் கணக்குகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் டிஸ்க்குக்குப் போய்வருவது வீண் அல்லவா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். இதே போலப் பல கணினிகளில் கணக்கை ஓட்டும் ஸ்பார்க் திட்டத்தின் 2012 கட்டுரை அதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: தரவை மெமரியிலேயே வைத்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரு துறை எப்படி நகர்கிறது என்பது கண்முன்னே தெரியும். இதை எந்தப் பாடநூலிலும் நான் உணர்ந்ததில்லை.

படித்து முடித்த அன்றே ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிடுங்கள்: சிக்கல், தீர்வு, நம்பவைத்த எண், நம்பவைக்காத இடம். ஆய்வேடு எழுதும் நேரத்தில் இந்தப் பக்கங்கள்தான் கைகொடுக்கும்.

அப்புறம், கணினி அமைப்புகளைவிட அல்காரிதம் பக்கம் நாட்டம் உள்ளவர்கள் டைக்ஸ்ட்ரா 1959-இல் எழுதிய குறுகிய பாதைக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம். மூன்றே பக்கம். பாடநூலில் அந்த அல்காரிதத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் ஹீப் (மிகச் சிறிய மதிப்பை விரைவாக எடுத்துத் தரும் தரவமைப்பு) அதில் இல்லை. அது எப்போது, எதற்காக வந்து சேர்ந்தது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.