ஆப் கற்கத் தொடங்குகிறீர்களா? முதலில் பாடத்தின் தேதியைப் பாருங்கள்

போன வாரம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவரின் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். எந்த ஆளுக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு என்று அப்பா எழுதும் நோட்டை ஆப்பாக மாற்ற வேண்டுமாம். நல்ல யோசனை. ஆனால் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. "அண்ணா, வீடியோல இருக்கிற மாதிரியேதான் அடிச்சேன், எனக்கு இது வராது போல" என்றான்.

பழைய பாடத்தில் மாட்டிக்கொள்வது

தப்பு அவன்மேல் இல்லை. அவன் பார்த்தது ஆப் செய்யப் பயன்படும் கூகுளின் ஃப்ளட்டர் பற்றி 2019-இல் வந்த வீடியோ. அதில் வரும் 'ரெய்ஸ்டு பட்டன்' இன்றைய ஃப்ளட்டரில் கிடையாது, அந்த இடத்தில் 'எலிவேட்டட் பட்டன்' இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, பெயரை மாற்றினால் போதும். ஆனால் ஃப்ளட்டரில் எழுதும் மொழி டார்ட்; 2021 மார்ச்சில் டார்ட் 2.12-உடன், மதிப்பு காலியாக இருக்கலாமா என்று முன்பே சரிபார்க்கும் நல் சேஃப்டி வந்தது, 2023 மே மாதம் டார்ட் 3 வந்ததிலிருந்து அது இல்லாத பழைய புரோகிராம் ஓடவே ஓடாது. எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் ஓடாது. இதைச் சொல்ல ஆள் இல்லாமல், தனக்கு மூளை இல்லை என்று நினைத்து விட்டுவிட்டுப் போன எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

எனக்கும் இதேதான் நடந்தது. 2016-இல் ஐந்து ரோடு பக்கம் ஒரு சென்டரில் பணம் கட்டிச் சேர்ந்தேன், ஆண்ட்ராய்டு ஆப் எழுதுவதை எக்லிப்ஸ் என்ற மென்பொருளில் சொல்லிக்கொடுத்தார்கள். எக்லிப்ஸுக்கான ஆண்ட்ராய்டு டூல்ஸ் ஆதரவை 2015 முடிவோடு கூகுள் நிறுத்திவிட்டது என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் எந்தப் பாடமானாலும் வெளியான தேதியைப் பாருங்கள், அப்புறம் அதில் வரும் முதல் புரோகிராமை இன்றைய அதிகாரப்பூர்வ டாக்குமென்டேஷனோடு ஒப்பிடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் 2019-இலேயே கூகுள் கோட்லின் மொழிக்கு முதலிடம் கொடுத்துவிட்டது, 2021 ஜூலையில் ஆப்பின் திரையைக் கோட்லினிலேயே எழுத உதவும் ஜெட்பேக் கம்போஸ் 1.0 வந்தது. பழைய முறையான ஜாவா மொழியும், திரைக்கு எக்ஸ்எம்எல்லும் மட்டுமே சொல்லித்தரும் பாடத்தோடு இன்று தொடங்காதீர்கள்.

முதல் நாளே காசு கட்டுவது

வேண்டாம். கூகுளின் 'ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்' பாடத்தொடர் இலவசம்.

எமுலேட்டரோடு மல்லுக்கட்டுவது

எமுலேட்டர் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன். லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான் என்றால் அதை விட்டுவிட்டு உங்கள் போனையே கேபிளில் சொருகி ஓட்டுங்கள்.

பார்த்துக்கொண்டே இருப்பது

ஒரு வீடியோ முடிந்ததும் அதை மூடிவிட்டு, அதே திரையை நீங்களாகவே ஒருமுறை செய்யுங்கள். பாதியில் நிற்பீர்கள். சரி, நின்ற இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள்.

அந்தப் பையனைப் பழைய வீடியோவை விட்டுவிட்டு ஃப்ளட்டர் தளத்தில் உள்ள கோட்லேப் என்ற செய்முறைப் பாடத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். நேற்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பெயர், கொடுத்த வெள்ளி, வந்த வெள்ளி என்று மூன்று பெட்டிகள். கிராமுக்குப் பிறகு புள்ளி வைத்து மில்லியும் போட வரணும் என்று அப்பா கேட்டாராம்.